அக்காடாமா வாங்க கட்டுப்படியாகலன்னா போன்சாய் சட்டியில என்ன போடறது?

தம்பி, உங்க கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டுல இருக்கீங்க, செம்பனை எண்ணெய் ஆலையில ஷிஃப்ட் வேலை, வாட்டர் ஜாஸ்மின் ரெண்டு மூணு, ஆல் ஜாதியில ஜெஜாவி ஒண்ணு, ஒரு காகிதப்பூ அடிமரம், விதையில இருந்து வளர்த்த ஒரு புளி, இவ்வளவுதான் கையில. போன்சாய்க்குன்னு விக்கிற ஜப்பான் மண்ணு அக்காடாமா, அதோட மூட்டை விலைய கேட்டதும் இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னு தோணிடுச்சு, அதனால வீட்டுப் பின்னாடி கிடக்குற செம்மண்ணையே சட்டியில போட்டா என்ன, இல்லன்னா யூடியூப்ல ஒருத்தர் சொன்ன மாதிரி பூனை மணல் போட்டா என்னன்னு கேக்குறீங்க.

செம்மண் வேணாம். பூனை மணலும் வேணாம். அக்காடாமா இல்லன்னு கவலையே படாதீங்க, அது இல்லாம நல்ல மரம் வளர்க்கலாம். உடைச்ச செங்கல், கரடு மணல், கொஞ்சம் உமிக்கரி, கொஞ்சம் தேங்கா மட்டைத் துண்டு, இத சரியா சலிச்சுப் போட்டா நம்ம ஊரு வெயிலுக்கும் மழைக்கும் மரம் நல்லாவே நிக்கும். காசு செலவு பண்றதா இருந்தா மண்ணுக்கு பண்ணாதீங்க, ரெண்டு சல்லடைக்கு பண்ணுங்க. நான் கீழ சொல்லப்போறது முக்காவாசி அந்த சல்லடைய சுத்திதான் வரும்.

அக்காடாமான்னா என்னன்னு முதல்ல பாருங்க. ஜப்பான்ல கான்தோ சமவெளி பக்கம் எரிமலை சாம்பல் விழுந்து காலப்போக்குல களிமண்ணா மாறின ஒரு மண்ணு அது, தோண்டி எடுத்து காய வெச்சு துகள் அளவு வாரியா பிரிச்சு மூட்டை கட்டி விக்கிறாங்க. கானுமான்னு சொல்ற இன்னொரு போன்சாய் மண்ணும் தொச்சிகி மாநிலத்துல கானுமா ஊரு பக்கம் தோண்டுற எரிமலைக் கல்லுதான். அவங்க காலுக்கு கீழ அது கிடக்குது, அதனால அத போட்டாங்க, அவ்வளவுதான் விஷயம். தென் சீனாவுல குவாங்டோங் பக்கம் மரம் வளர்த்தவங்க குளத்து சேற அள்ளி காய வெச்சு கட்டி கட்டியா உடைச்சு அதுல வளர்த்தாங்க. இந்தியாவுல நிறைய பேரு செங்கல் துண்டுல வளர்க்கிறாங்க. ஜாவாவுல மாலாங் பக்கத்து கருப்பு எரிமலை மணல், அதையே பாசிர் மாலாங்னு நம்ம ஊரு அலங்கார மீன் கடையில பாக்கெட் போட்டு விக்கிறான் பாருங்க. எந்த ஊருலயும் கையில கிடைச்சதுல சரியான துகள தேடி எடுத்துதான் மரம் வளர்த்திருக்காங்க. நம்ம தீபகற்பத்துல எரிமலை கிடையாது, ஆனா சுட்ட களிமண்ணு இருக்கு, கிரானைட் இருக்கு, ஈயலம்பம், அதான் பழைய ஈயச் சுரங்கம், விட்டுட்டுப் போன கரடு மணல் கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க கிடக்கு. நமக்கு அது போதும்.

இப்ப செம்மண் ஏன் வேணாம்னு சொல்லணும், ஏன்னா எல்லாரும் கேக்குற கேள்வி இது, "அண்ணே இதே மண்ணுல பால்மரமும் செம்பனையும் எப்படி வளருது, போன்சாய் மட்டும் வளராதா?" நியாயமான கேள்விதான். தரையில மண்ணுக்கு ஆழம் இருக்கு, புழு, கரையான், செத்துப்போன வேரு விட்ட ஓட்டை எல்லாம் இருக்கு, தண்ணி கீழ இறங்கிப் போயிட்டே இருக்கும், காத்து உள்ள வந்துட்டே இருக்கும். சட்டியில அது எதுவும் இல்ல. ரெண்டு அங்குலம் மூணு அங்குலம் ஆழம், கீழ ஒரு ஓட்டை, மேல நம்ம அக்டோபர் நவம்பர் மழை. நாலு நாள் மழையிலயே கட்டி கரைஞ்சு, நுண்ணிய களி எல்லா இடுக்கையும் அடைச்சு, சட்டி உள்ள ஒரு சுடாத செங்கல் மாதிரி ஆயிடும். அப்புறம் பிப்ரவரி வெயில்ல அதுவே காஞ்சு சுருங்கி சட்டி ஓரத்த விட்டு விலகி நிக்கும், நீங்க ஊத்துற தண்ணி அந்த ஓரத்து வழியா ஓடிப் போயிடும், நடுவுல வேரு காஞ்சு கிடக்கும். மழைக்கும் ஆகாது வெயிலுக்கும் ஆகாது.

இன்னொரு விஷயம், இதுதான் போன்சாய்க்குன்னே உள்ள சிக்கல், கொஞ்சம் பொறுமையா படிங்க. எந்த மண்ணா இருந்தாலும் தண்ணி ஊத்தி வடிஞ்ச பிறகும் சட்டியோட அடியில ஒரு அடுக்கு தண்ணி தேங்கி நிக்கும், ஓட்டை இருந்தாலும் நிக்கும். பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச நல்லா நனைச்சு தட்டையா கையில வெச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல சொட்டறது நின்னுடும். அதே ஸ்பாஞ்ச இப்ப நெட்டுக்குத்தா நிமிர்த்துங்க, மறுபடியும் தண்ணி கொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் மாறுச்சு. தேங்கி நிக்கிற அடுக்கோட உயரம் துகளோட அளவ பொறுத்தது, சட்டியோட ஆழத்த பொறுத்தது இல்ல. அப்போ ஆழமான பூச்சட்டியில அடியில ரெண்டு விரல் ஈரம் நின்னா மேல நிறைய இடம் காத்தோட்டமா இருக்கும், ஆனா போன்சாய் சட்டியில ரெண்டு விரல் ஈரம் நின்னா அதுதான் மொத்த சட்டியே. அதனாலதான் ஆழம் குறைய குறைய துகள் பெருசா இருக்கணும். அடியில கல்லு போட்டா தண்ணி வடியும்னு சொல்லுவாங்க, அதுவும் நடக்காது, ஈர அடுக்கு அந்தக் கல்லுக்கு மேல ஏறி உக்காரும், வேருக்கு இன்னும் இடம் குறையும். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவு துகளா போடறதுதான் நல்லது.

குளிர் நாட்டுக்காரங்கள விட நமக்கு இது முக்கியம். தண்ணி சூடாக சூடாக அதுல ஆக்சிஜன் கம்மியாகும், வேருக்கு மட்டும் சூட்டுல ஆக்சிஜன் தேவை கூடும். மத்தியானம் வெயில்ல சுட்டுக்கிட்டு இருக்குற சட்டியில தண்ணியும் தேங்கி நின்னா வேரு மூச்சு முட்டி அழுகிடும். மரம் தண்ணி இல்லாத மாதிரி வாடி நிக்கும், நாமளும் இன்னும் தண்ணி ஊத்துவோம். நான் பார்த்த வரைக்கும் நம்ம பக்கத்துல செத்துப்போற போன்சாய் பெரும்பாலும் இப்படித்தான் போகுது.

சரி, செங்கலுக்கு வருவோம். சுட்ட களிமண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளை நிறைய இருக்கு, அது தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கும், ஆனா துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி காலியா இருக்கும், காத்து அதுல ஓடும். கோலகங்சார் சாயோங்ல செய்யற லாபு மண் கூஜாவுல தண்ணி சில்லுன்னு இருக்குதே, அதுக்கும் இதே துளைதான் காரணம். தண்ணியும் வேணும் காத்தும் வேணும், ரெண்டையும் ஒரே துகள்ல குடுக்குறதுதான் அக்காடாமா செய்யற வேலை, செங்கலும் அத செய்யும், அதுவும் சீக்கிரத்துல கரையாம செய்யும். அக்காடாமா நாளாக நாளாக நொறுங்கி சேறாகும், நம்ம மழைக்கு சீக்கிரமே இளகும். செங்கல எடுத்து கழுவி சலிச்சு அடுத்த தடவையும் போடலாம். அக்காடாமா ஒரு விஷயத்துல மேல, சத்த பிடிச்சு வெச்சு மெதுவா வேருக்கு குடுக்கும், செங்கலுக்கு அந்த பிடிப்பு ரொம்ப கம்மி. அத உரம் போடற முறையில சரி பண்ணிக்கலாம், பின்னாடி சொல்றேன்.

எந்த செங்கல்ங்குறது முக்கியம். சிமெண்ட் செங்கல் சாம்பல் கலர்ல இருக்கும், அது கூடவே கூடாது, சுண்ணாம்பு கக்கிக்கிட்டே இருக்கும். களிமண் செங்கல்தான் வேணும், சிவப்பு இல்ல ஆரஞ்சு கலர்ல இருக்கும். பழைய செவுத்துல இருந்து இடிச்சதா இருந்தா சிமெண்ட் பூச்சு, பெயிண்ட் ஒட்டாத பக்கமா பார்த்து எடுங்க. தாமான்ல, அதான் குடியிருப்புப் பகுதியில, வீடு இடிச்சுக் கட்டற இடத்துல கொன்ராக்டர கேட்டா உடைஞ்சத சும்மாவே குடுப்பார், கடையில வாங்கினாலும் ஒரு கல்லு சில்லறைக் காசுதான். பழைய கடை வீடுகள்ல இருந்த களிமண் கூரை ஓடு கிடைச்சா இன்னும் நல்லது, மெல்லிசா இருக்கும் உடைக்க சுலபம், மேல பளபளன்னு கிளேஸ் பூசினது மட்டும் வேணாம். ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன், பழைய கட்டடத்து கூரையில இருந்து எடுத்த சாம்பல் கலர் நெளி ஷீட்டு கிடந்தா அத ஓடுன்னு நினைச்சு உடைச்சிடாதீங்க, அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அந்த தூசி நுரையீரலுக்கு போனா திரும்ப வராது.

செங்கல் தேறுமான்னு பார்க்க ஒரு துண்ட எடுத்து மேல ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. உடனே உறிஞ்சிடுச்சுன்னா நல்லது, சொட்டு அப்படியே முத்து மாதிரி நின்னா அது ரொம்ப சுட்ட கல்லு, தண்ணி பிடிக்காது, மணலுக்கு பதிலா வேணா அத போட்டுக்கலாம். அப்புறம் ஒரு பிடி துண்ட ராத்திரி தண்ணியில ஊற வெச்சு காலையில விரலுக்கு நடுவுல வெச்சு நசுக்குங்க. குழைஞ்சு சேறாச்சுன்னா சரியா சுடாத கல்லு, தூக்கிப் போட்டுடுங்க.

உடைக்கிறதுக்கு பழைய உர மூட்டை பை ஒண்ணு எடுத்துக்குங்க, தோட்டத்துல அதுக்கு பஞ்சமே இல்ல. ரெண்டு பைய ஒண்ணுக்குள்ள ஒண்ணு விட்டு, உள்ள நாலஞ்சு கல்லப் போட்டு, முதல்ல தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு சிமெண்ட் தரையில வெச்சு சுத்தியல்ல அடிங்க. நனைக்கச் சொல்றது சும்மா இல்ல, செங்கல் தூசியில சிலிக்கா இருக்கு, காய்ஞ்ச கல்ல அடிச்சா அந்த தூசிய நீங்கதான் மூச்சுல இழுப்பீங்க. முகத்துல மாஸ்க், கண்ணுக்கு ஆலையில குடுக்குற அந்த கண்ணாடி, பிள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது. நம்ம ஊரு செங்கல் வழக்கமா 215 மி.மீ நீளம், 102.5 மி.மீ அகலம், 65 மி.மீ உயரம், கணக்கு போட்டா ஏறக்குறைய 1.4 லிட்டர் வருது, உடைச்சா பரப்பிக்கிட்டு இன்னும் கூட வரும் ஆனா அதுல நிறைய பொடியா போயிடும், ஒரு கல்லுக்கு ஒரு லிட்டருக்கு கொஞ்சம் மேல உபயோகமானது தேறும்னு வெச்சுக்குங்க. உங்க மரம் எல்லாத்துக்கும் ஒரு இருபது கல்லு தாராளம்.

இப்ப சல்லடை. ஹார்ட்வேர் கடையில கால் அங்குல கம்பி வலை மீட்டர் கணக்குல வெட்டிக் குடுப்பாங்க, அதுல ஒரு துண்டு வாங்கி பழைய பலகையில நாலு பக்கம் ஆணி அடிச்சா பெரிய சல்லடை ரெடி, அது 6 மி.மீ சொச்சம். சின்னதுக்கு 2 மி.மீ ஓட்டை வேணும், கரடான சல்லடை பாத்திரக் கடையில தேடினா கிடைக்கும், கிடைக்கலன்னா கொசு வலை கம்பியே போதும், அது இன்னும் கொஞ்சம் சின்ன ஓட்டைதான் ஆனா பொடியெல்லாம் போயிடும். பெருசுல நின்னத மறுபடியும் உடைங்க, சின்னதுல விழுந்த பொடிய சட்டியில போடவே போடாதீங்க, நடுவுல நின்ன 2 இல இருந்து 6 மி.மீ வரைக்கும் உள்ளதுதான் உங்க மண்ணு. பாவம் பொடி வீணாகுதேன்னு ஒரு கை அள்ளிப் போடத் தோணும், போடாதீங்க தம்பி, அந்த ஒரு கை பொடிதான் எல்லா இடுக்குலயும் போய் உக்காந்து நீங்க பட்ட கஷ்டத்த எல்லாம் கெடுக்கும். பொடிய வாசல்ல பள்ளத்துல கொட்டுங்க, இல்ல வாழைக்கு அடியில போடுங்க. சலிச்சத பக்கெட்டுல போட்டு தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசணும், அரிசி களையற மாதிரி நாலு தண்ணி அஞ்சு தண்ணி ஆகும். உள்ளங்கை அளவு குட்டி சட்டின்னா 2 இல இருந்து 4 வரைக்கும் உள்ளத மட்டும் தனியா எடுத்து வெச்சுக்குங்க.

மணலுக்கும் இதே சல்லடைதான். ஹார்ட்வேர் கடையில பூச்சு வேலைக்கு விக்கிற நைஸ் மணல் வேணாம், மணல் கலந்தா தண்ணி வடியும்னு ஊரெல்லாம் சொல்றது நைஸ் மணலுக்கு பொருந்தாது, அது களி மாதிரியே இடுக்க அடைக்கும். கரடு மணல் வாங்கி 2 மி.மீ சல்லடையில நிக்கிறத மட்டும் எடுங்க, ஒரு மூட்டையில கொஞ்சம்தான் நிக்கும், பரவாயில்ல. கடல் மணல் உப்பு, அது வேணாம். கிரானைட் சிப்ஸ் சின்ன சைஸ் கிடைச்சாலும் நல்லதே, தண்ணி பிடிக்காது ஆனா சட்டிக்கு கனம் குடுக்கும், காத்துல மரம் சாயாது.

ஆனா ஈப்போ, செம்மோர், பாடாங் ரெங்காஸ் பக்கத்து ஆளுங்க ஒண்ணு கவனிக்கணும். நம்மள சுத்தி நிக்கிற மலையில பாதி சுண்ணாம்புக்கல் மலை, குவாரியில இருந்து வர்ற வெள்ளை, வெளிர் சாம்பல் சிப்ஸ் நிறைய சுண்ணாம்புதான். பார்க்க கிரானைட் மாதிரியே இருக்கும். வீட்டுல இருக்குற வினிகர ஒரு கல்லு மேல ஊத்துங்க, சின்ன சின்ன குமிழா நுரைச்சு வந்தா சுண்ணாம்பு. அது மண்ணோட பிஹெச்ச, அதாவது காரத்தன்மைய, ஏத்தி விட்டுடும், இரும்புச் சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது, புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். ஆல் ஜாதி தாங்கும், சுண்ணாம்பு மலை இடுக்குலயே அது வளருது பார்த்திருப்பீங்க, ஆனா உங்க காகிதப்பூ தாங்காது.

இனி தண்ணியும் சத்தும் கொஞ்சம் பிடிக்கிறதுக்கு கலக்குற சாமான். தேங்கா மட்டைய சின்னத் துண்டா வெட்டினது நல்லது, பாகான் டத்தோ பக்கம் சொந்தக்காரங்க இருந்தா மூட்டையாவே வரும், இல்லன்னா டவுன்ல தேங்கா துருவி விக்கிற கடையில கேளுங்க. மட்டையில உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவ தண்ணி மாத்தி ஊற வெச்சுட்டுதான் போடணும். பொடியா விக்கிற கோக்கோபீட் நாத்துக்கு சரி, போன்சாய் சட்டிக்கு நான் போடமாட்டேன், நம்ம சூட்டுல சீக்கிரம் மக்கி பேஸ்ட் ஆயிடும். உமிக்கரி, மலாய்ல செக்காம் பாக்கார்னு கேட்டா நர்சரியில குடுப்பாங்க, பாரிட் புந்தார் பக்கம் நெல்லு விளையற ஊரு, அங்க மலிவா கிடைக்கும். லேசு, காத்தோட்டம், சீக்கிரம் மக்காது, ஆனா சாம்பல் இருக்கும் அதனால ஒரு தடவ அலசிட்டு, பொடிய தட்டிட்டு, பத்துல ஒரு பங்கு போதும். நீங்களே உமிய கொளுத்தி கரியாக்க வேணாம், திறந்த வெளியில எரிக்கிறது நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம், பக்கத்து வீட்டுக்கு புகையும் போகும். தைப்பிங் போற வேலை இருந்தா கோல செபெத்தாங்ல சதுப்புநில மரக்கரி சூளை இருக்கு, அந்தக் கரிய உடைச்சு சலிச்சும் கொஞ்சம் போடலாம், உமிக்கரிக்கு பதிலா.

நீங்க ஆலையிலயே இருக்குறதால செம்பனை கொட்டை ஓடு பத்தியும் சொல்லணும். தோட்டத்து ரோட்டுல கொட்டி வெச்சிருப்பாங்களே அந்த கருப்பு ஓடு. அளவு சல்லடைக்கு அடிக்காமலேயே பாதி சரியா இருக்கும், கெட்டியா இருக்கும், மக்க ரொம்ப நாளாகும். இப்ப அத எரிபொருளா ஜப்பான் வரைக்கும் அனுப்புறாங்க, அதனால மேனேஜர கேக்காம எடுக்காதீங்க, ஒரு பக்கெட் கேட்டா தராம இருக்கமாட்டாங்க. புதுசா எடுத்தத உடனே போடக் கூடாது, நாரும் எண்ணெயும் ஒட்டியிருக்கும் பூஞ்சை பிடிக்கும், சில மாசம் மழையில வெயில்ல போட்டு வெச்சுட்டு அலசி, அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாம கலக்குங்க. தண்ணி அதிகம் பிடிக்காது, காத்தோட்டத்துக்குன்னு நினைச்சுக்குங்க. பாய்லர் சாம்பல் வேணாம், அதுல காரத்தன்மை அதிகம். பழம் எடுத்த வெறும் செம்பனைக் குலைய அரைச்சு மக்க வெச்ச உரம் நல்லா மக்கினதா இருந்தா பாலி பேக்ல வளர்ற இளங்கன்னுக்கு போடலாம், சட்டிக்கு வேணாம்.

அளவு சொல்றேன், இது வேதவாக்கு இல்ல, உங்க வீட்டு வெயிலுக்கு தகுந்த மாதிரி மாத்திக்கலாம். பொதுவா செங்கல் ஆறு பங்கு, கரடு மணல் ரெண்டு, மட்டைத் துண்டு ஒண்ணு, உமிக்கரி ஒண்ணு. வாட்டர் ஜாஸ்மின் தண்ணி குடிக்கிற மரம், தாய்லாந்து பக்கம் ஈரமான இடத்துல இயற்கையா வளர்றது, அதுக்கு மணல ஒரு பங்கா குறைச்சு மட்டைய ரெண்டாக்குங்க. காகிதப்பூவுக்கு நேர்மாறா, மட்டைய எடுத்துட்டு மணல் மூணு, அதுக்கு வேரு காயணும், காஞ்சாதான் பூவும் எடுக்கும். ஜெஜாவி எதுல போட்டாலும் வளரும், பொது அளவே போதும். காலையில ஆறு மணிக்கு கிளம்பி சாயங்காலம்தான் வீட்டுக்கு வர்றீங்கன்னா நடுவுல தண்ணி ஊத்த ஆள் இல்ல, அப்போ மட்டைத் துண்ட கொஞ்சம் கூட்டி மத்தியான வெயில் படாத இடத்துல வைங்க, இல்லன்னா மேல கொஞ்சம் பாசி படர விடுங்க. சட்டிக்கு அடியில தட்டு வெச்சு தண்ணி நிறுத்தறது மட்டும் வேணாம், வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசு முட்டை போட்டு சுகாதார இலாகா வந்து பார்த்தா அபராதமும் வரும்.

கலந்தது சரியா இருக்கான்னு பார்க்க வீட்டுலயே ஒரு சோதனை இருக்கு, எல்லாரும் செஞ்சு பார்க்கணும்னு ஆசைப்படறேன், ஏன்னா மண்ணு பத்தி பேசறவங்க நிறைய பேரு அளந்து பார்க்கிறது இல்ல. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவுல அடியில நாலு ஓட்டை போட்டு டேப் ஒட்டுங்க. ஈரமாக்கின கலவைய நிரப்பி தட்டி சமமாக்கி, தண்ணி மேல் மட்டத்துக்கு வர்ற வரைக்கும் மெதுவா ஊத்தி கொஞ்ச நேரம் விடுங்க. அப்புறம் ஒரு பாத்திரத்து மேல வெச்சு டேப்ப எடுங்க. வடிஞ்ச தண்ணி எவ்வளவோ அவ்வளவு காத்துக்கு இடம் இருக்குன்னு அர்த்தம். ஆயிரம் மில்லிக்கு இருநூத்தம்பது, அதுக்கு மேல வந்தா நம்ம மழைக்கு நல்ல கலவை. நூறு நூத்தம்பதுதான் வந்துச்சுன்னா பொடி இருக்குன்னு அர்த்தம், மறுபடியும் சலிக்கணும். உங்க வீட்டுச் செம்மண்ணையும் பக்கத்துலயே ஒரு டப்பாவுல போட்டு இத செஞ்சு பாருங்க, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல.

பூனை மணல் சமாச்சாரம். அத சொல்றவர் வெளிநாட்டுல இருப்பார், அங்க சில பிராண்டு தண்ணி பட்டா கரையாத டையட்டமைட் துகள், சூட்டுல வெச்சு எடுத்தது, அது வேலை செய்யும். நம்ம கடையில பெரும்பாலும் கிடைக்கிறது பென்டோனைட் களிமண், ஈரம் பட்டா ஒட்டி உருண்டையாகறதுக்குன்னே செஞ்சது, சட்டியில போட்டா ரெண்டே தண்ணியில பசையாயிடும். பெர்லைட் பரவாயில்ல, ஆனா மழையில மிதந்து வெளிய ஓடிடும். வெர்மிகுலைட் நசுங்கிடும். லேக்கான்னு விக்கிற சுட்ட களிமண் உருண்டை நல்லதுதான், சட்டிக்கு கொஞ்சம் பெருசு, உடைச்சா சரியாயிடும் ஆனா செங்கல் இருக்கும்போது அதுக்கு எதுக்கு காசு. கையில கொஞ்சம் காசு சேர்ந்து சுங்கை பூலோ நர்சரி பக்கம் போற வாய்ப்பு கிடைச்சா பியூமிஸ்ங்குற லேசான எரிமலைக் கல்லு ஒரு மூட்டை வாங்குங்க, மலாய்ல பத்து அப்போங்னு சொல்றது, அக்காடாமாவ விட ரொம்ப மலிவு. செங்கல்ல பாதிய எடுத்துட்டு அத போட்டா சட்டி லேசாகும், வேரு இன்னும் நல்லா பிரியும்.

உரம். இந்த கலவையில சத்துன்னு எதுவும் இல்ல, ஊத்துற தண்ணியில கழுவிட்டுப் போயிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கணும். தோட்டக் கடையில நீல கலர் என்பிகே 12:12:17:2 கிடைக்குமே, அது நுண்சத்தும் சேர்ந்தது, நடுத்தர சட்டிக்கு பத்து பன்னெண்டு உருண்டை, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, சட்டி ஓரமா தூவுங்க, அடிமரத்துக்கு ஒட்டி வேணாம். கோழி உரம் மாத்திரை மாதிரி வர்றது போட்டா சின்ன துணிப் பையில கட்டி மேல வைங்க, நேரா போட்டா கரைஞ்சு இடுக்க அடைக்கும். மண்ணு மாத்தின உடனே உரம் வேணாம், புது தளிர் வரட்டும்.

மாத்தும்போது ஒரு எச்சரிக்கை. நர்சரியில வாங்கின மரம் எல்லாம் களிமண் உருண்டையோடதான் வரும். அந்த உருண்டைய அப்படியே வெச்சு சுத்தி மட்டும் செங்கல் போட்டா தண்ணி சுத்தி ஓடிடும், நடுவுல உருண்டை ஒண்ணு காஞ்சு கல்லாகும் இல்ல ஊறி அழுகும். ஜெஜாவிக்கு வேர முழுசா கழுவி வைக்கலாம், தாங்கும். வாட்டர் ஜாஸ்மினும் இலைய எல்லாம் எடுத்துட்டு நிழல்ல வெச்சா பெரும்பாலும் தாங்கும். காகிதப்பூ வேரு பொடுக்குன்னு உடையற வேரு, அதுக்கு ஒரு பக்கம் பாதிய மட்டும் குச்சியால கிளறி பழைய மண்ண எடுத்து புதுசு நிரப்புங்க, மறு பக்கத்த அது நல்லா தளிர்த்து மாசக்கணக்கு ஆன பிறகு பாருங்க. நிரப்பும்போது குச்சியால குத்தி குத்தி துகள் வேர் இடுக்குல இறங்கணும், கையால அமுக்கக் கூடாது. மரத்த கம்பியால சட்டியோட கட்டிடுங்க, செங்கல் துகள் தளர்வா இருக்கும், மரம் ஆடினா புது வேரு அறுந்துடும்.

புளிய இப்ப போன்சாய் சட்டிக்கே மாத்தாதீங்க. நீங்க சொல்றத பார்த்தா தண்டு இன்னும் பென்சில் கனம்தான், சின்ன சட்டியில போட்டா அதே கனத்துலயே நின்னுடும். அதுக்கு மட்டும் ஒரு பெரிய பாலி பேக், செங்கல் பாதி, நல்லா மக்கின உரமும் மட்டைத் துண்டும் பாதி, அடி வேர ஒரு தடவ வெட்டி விட்டு முழு வெயில்ல வைங்க. தண்டு கட்டை விரலுக்கு மேல போகட்டும், அப்புறம் கிளைய எங்க வெட்டறதுன்னு போட்டோ போட்டு கேளுங்க, பார்த்து சொல்றேன்.